பேட்டரி போச்சு என்பதற்கு முன் மூன்று எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேட்டரி போச்சு". புதுப் பேட்டரி போட்ட பிறகும் அதே கோளாறு திரும்பி வந்தால் அடுத்த பதில் தயாராக இருக்கும்: "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்." பேட்டரி போயிருக்கலாம், வண்டியும் பழசாக இருக்கலாம். ஆனால் இதைச் சொன்னவர் எதையாவது அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா? பல இடங்களில் இல்லை. வண்டி ஓய்ந்திருக்கும்போது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது, இன்ஜின் ஓடும்போது பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்ற மூன்று எண்களையும், பேட்டரியை மாற்றும் பட்டறைகள் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். உட்லண்ட்ஸில் மின்னணுச் சில்லு தயாரிக்கும் ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை. பெரும்பாலும் இரவு ஷிப்ட், ஏழுக்கு ஏழு. ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் என்ன அளவு காட்டியது, மாற்றிய பிறகு என்ன காட்டுகிறது என்று எழுதாவிட்டால் அங்கே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். என் வண்டி 2005-ல் பதிவானது. நான்கு சிலிண்டர், 400 சிசி, கார்புரேட்டர். ஓட்டுநர் பள்ளியில் 2ஏ வகுப்புக்கு (400 சிசி வரையிலான வண்டிக்கான உரிமம்) போனவர்களுக்கு எந்த ரகம் என்று புரிந்திருக்கும். பலமாடிக் கார்ப்பேட்டையில் ஒரு பெண் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், கடந்து போகிறவர்கள் "ஆள் கூப்பிடட்டுமா?" என்று கேட்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அவர்களையே ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தச் சொல்லிவிடுவேன், எனக்கு இரண்டு கையும் மீட்டருக்கு வேண்டும்.

"புதுசு வாங்கிவிடலாமே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஒரு வண்டியைப் பத்தாண்டு ஓட்ட வாகன உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2022-ல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் 12,000 வெள்ளியைத் தாண்டியது. சிறிய வண்டிகளுக்கு வண்டியின் விலையைவிடச் சான்றிதழின் விலை அதிகம் என்ற நிலை. அதனால்தான் பத்தாண்டு முடிந்ததும் பலர் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவானவை, விண்டேஜ் போன்ற தனித் திட்டங்களில் உள்ளவை தவிர, 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. அது புகை சம்பந்தப்பட்ட முடிவு, அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிந்திப் பதிவாகி, இப்போது பதினைந்து, இருபது வயதில் தினமும் வேலைக்கு ஓடும் வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். அவற்றை ஓட்டுகிறவர்களில் உணவு விநியோகம் செய்கிறவர்கள் உண்டு, ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வருகிறவர்கள் உண்டு. வண்டி ஒரு காலை நின்றால் அன்றைய சம்பளம் போய்விடும்.

சரி, எண்களுக்கு வருகிறேன். தேவையானது ஒரு மல்ட்டிமீட்டர், அதாவது வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் சிறு கருவி. சிம் லிம் டவரில் 20, 30 வெள்ளிக்கே நம்பிப் பயன்படுத்தக்கூடியது கிடைக்கிறது. அதை நேர்மின்சார 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வைக்க வேண்டும்.

முதல் எண், வண்டி ஓய்ந்திருக்கும்போது. ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் பேட்டரி தன் நிலையைவிட நன்றாகவே காட்டும். சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விட்டு அளக்க வேண்டும். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் காலியான பேட்டரி எல்லாம் கெட்ட பேட்டரி இல்லை. அது ஏன் காலியானது என்பது தனிக் கேள்வி, அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் புதுசை விற்கிறார்கள். இன்னொரு பக்கம், உள்ளே தகடு கெட்டுப்போன பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். அதனால் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது எண், ஸ்டார்ட்டர் சுற்றும்போது. முனைகளைப் பேட்டரியில் வைத்தபடியே பட்டனை அழுத்த வேண்டும். 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நின்றால் பேட்டரி சுமையைத் தாங்குகிறது. நிறைந்திருந்த பேட்டரி 7, 8 என்று சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், அப்போது மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எண் 10.5-க்கு மேலேயே நிற்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால், பேட்டரியில் இருக்கும் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் புதுப் பேட்டரி போடுவது வீண் செலவு.

மூன்றாவது எண், இன்ஜின் ஓடும்போது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்றில் பிடித்து அளந்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் பேட்டரி ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. பேட்டரி சூடாகி, உப்பி, சீக்கிரமே செத்துப்போகும்.

எங்கள் ஆலையில் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வரும் தம்பி ஒருவர் இருக்கிறார். 135 சிசி கப்சாய், அதாவது சின்ன ரக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் கீழே வந்தால் செல்ஃப் எடுக்காது, உதைத்துத்தான் கிளப்புவார். ஒரே ஆண்டில் இரண்டு புதுப் பேட்டரி போட்டிருந்தார். இரண்டாவதும் அதே மாதிரி ஆனதும், "பழைய வண்டி, விடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேலைக்கு வந்து இறங்கும்போது அவர் வண்டியில் மூன்றாவது எண் 14.1. ஆக, ஏறுகிறது. அந்த நேரம் செல்ஃபும் நன்றாகவே எடுத்தது, சுற்றும்போது 10.4. ஷிப்ட் முடிந்ததும் ஓய்வு எண் 11.7. பேட்டரி தாங்குகிறது, ஏறவும் செய்கிறது. அப்படியானால் நிற்கும்போது மின்சாரத்தை ஏதோ ஒன்று குடிக்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் வைத்தோம். சாவி கையில், வண்டி அணைந்திருக்கிறது, ஆனால் 0.25 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி வண்டியில் சாவியை எடுத்த பிறகு சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் காரணமே இல்லை.

0.25 ஆம்பியர் என்றால் அற்பமாகத் தெரியும். கப்சாயின் பேட்டரி 5 ஆம்பியர்-மணி. 12 மணி நேர ஷிப்டில் 0.25 வீதம் போனால் 3 ஆம்பியர்-மணி, அதாவது பாதிக்கும் மேல். அதற்குப் பிறகு செல்ஃப் எடுத்தால்தான் ஆச்சரியம். ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துக்கொண்டு வந்தோம். திருட்டுக்குப் பயந்து மாட்டிய அலாரத்தின் பிளக்கை எடுத்ததும் மீட்டர் சுழிக்கு வந்தது. அலாரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. "அக்கா, ரெண்டு பேட்டரி காசு வீணாப் போச்சே" என்றார். அலாரம் மாட்டியவர் ஒருவர், பேட்டரி விற்றவர் இன்னொருவர். ஒருவர் செய்த வேலையை மற்றவர் எட்டிப் பார்க்கவில்லை. கைப்பேசி சார்ஜரையும் கேமராவையும் சாவிக்குக் கட்டுப்படாமல் நேரே பேட்டரியில் மாட்டியிருப்பவர்களும் இப்படி ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. மின்னியல் சாலைக் கட்டணக் கருவியின் வயரில் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் சந்தேகம் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கே போய்க் கேளுங்கள்.

இப்படி ஆம்பியர் அளக்கும்போது ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டர் இழுப்பது பத்து ஆம்பியரைவிட எத்தனையோ மடங்கு அதிகம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அப்புறம், அளந்து முடித்ததும் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைப் பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை மறந்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைப்போம், பொறி பறக்கும்.

என் வண்டியில் வந்தது வேறு மாதிரி. ஓய்வில் 12.7. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.9. இரண்டுமே நல்ல எண்கள், ஆனால் ஸ்டார்ட்டர் முக்கி முனகிக்கொண்டு சுற்றும், சூடான இன்ஜினில் சில நேரம் பாதியில் நின்றுவிடும். காட்டிய இடத்தில் மீட்டரை எடுக்காமலே பேட்டரி விலையைச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் செய்யாத ஒரு சோதனை உதவுகிறது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். பட்டனை அழுத்தும்போது மீட்டர் கிட்டத்தட்ட சுழியைக் காட்ட வேண்டும், 0.2 வரை பரவாயில்லை. ஏனென்றால் இரண்டும் எர்த் வயர் என்ற ஒரே கனமான வயரின் இரண்டு முனைகள்தானே. என் வண்டியில் 1.4 காட்டியது. அதாவது ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய 1.4 வோல்ட்டை அந்த எர்த் வயரே தின்றுகொண்டிருந்தது. இன்ஜினில் அது மாட்டியிருக்கும் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு. வயரின் ரப்பரைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு இழைகளும் பச்சை. முனையை வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு வரும்வரை சீவி, புது வளையம் போட்டு அழுத்தி, இன்ஜின் பக்கம் உப்புத்தாள் தேய்த்து மாட்டினேன். எண் 0.1-க்கு இறங்கியது, ஸ்டார்ட்டர் துள்ளிச் சுற்றியது. செலவு பத்து வெள்ளிகூட இல்லை. பழைய பேட்டரி அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனைதான்: ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவில், இன்னொன்று ஸ்டார்ட்டர் மோட்டாரில் கனமான வயர் வந்து சேரும் போல்ட்டில். பட்டனை அழுத்தும் முன் முழு 12 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம். சுற்றும்போது அரை வோல்ட்டுக்குள் வர வேண்டும். அதிகமாக இருந்தால் நடுவில் உள்ள ஸ்டார்ட்டர் ரிலேயை, அதாவது பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சைப் பாருங்கள். பல வண்டிகளில் 30 ஆம்பியர் முக்கிய ஃபியூஸ் அந்த ரிலேயின் பக்கத்திலேயே இருக்கும். அதன் பிளக் கறுத்தோ உருகியோ இருப்பது பழைய வண்டிகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி.

நம் ஊர் ஈரத்தில் செம்பு பச்சையாவதைத் தடுக்க முடியாது. திறந்த கார்ப்பேட்டையில் டிசம்பர், ஜனவரி மழை முழுவதும் நிற்கிற வண்டிகளைச் சொல்லவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை எர்த் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, துருவுக்கு எதிரான கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டினால் போதும். அதை எந்த சர்வீஸ் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. ஆண்டுப் பரிசோதனைக்குப் போனால் விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள், எர்த் வயரைக் கழற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

பின்னொரு சமயம் மூன்றாவது எண் விழுந்தது. ஐயாயிரம் சுற்றிலும் 12.4-ஐத் தாண்டவில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பேட்டரிகள் அதிகம் பலியாவது இங்கேதான்.

இன்ஜினுக்குள் சுற்றும் காந்தமும் செம்புச் சுருளும் சேர்ந்து மாறுதிசை மின்சாரம் தயாரிக்கின்றன. என் போன்ற வண்டிகளில் அது மூன்று வயர்களில் வெளியே வரும், பெரும்பாலும் மூன்றும் மஞ்சள். அங்கிருந்து ரெகுலேட்டருக்குப் போகும். ரெகுலேட்டர் அதை நேர்மின்சாரமாக்கி, பேட்டரிக்கு வேண்டிய அளவுக்குள் வைத்து, மிஞ்சுவதைச் சூடாக வெளியேற்றும். அந்தச் சூட்டால்தான் அது சாகிறது. துடுப்பு துடுப்பாக அலுமினியம் இருப்பது காற்று பட வேண்டும் என்பதற்காக. சீட்டுக்கு அடியில் காற்றில்லாத மூலையில் அதை வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு.

மூன்று மஞ்சள் வயரின் பிளக்கைப் பிரித்துவிட்டு, இன்ஜினிலிருந்து வரும் பக்கத்தில் மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றி, இரண்டு இரண்டாக அளக்க வேண்டும். ஐயாயிரம் சுற்றில் மூன்று ஜோடியும் ஐம்பது வோல்ட், அதற்கு மேல் என்று ஏறும். எத்தனை என்பதைவிட மூன்றும் சமமாக இருப்பது முக்கியம். கையை முனைகளின் உலோகத்தில் வைக்காதீர்கள், அந்த வோல்ட் கடிக்கும். அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டு, மஞ்சள் வயர் எதற்காவது இன்ஜின் உடம்போடு தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கக் கூடாது. இரண்டிலும் தேறினால் சுருள் நல்லது, சந்தேகம் ரெகுலேட்டர் மீதும் நடுவில் உள்ள பிளக் மீதும்.

என் வண்டியில் சுருள் தேறியது. பிளக்கைப் பிரித்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது: வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாகி, ஒரு முனை உருகி ஒட்டியிருந்தது. ரெகுலேட்டரும் போயிருந்தது. இங்கே பலர் ரெகுலேட்டரை மட்டும் மாற்றி, அதே கருகிய பிளக்கில் மாட்டிவிடுகிறார்கள். கருகிய முனையில் மறுபடி சூடு ஏறும், பேட்டரிக்குப் போக வேண்டியது வழியிலேயே தீயும், சில மாதத்தில் அதே கோளாறு வரும். அப்போது "பழைய வண்டி" என்ற பதிலைச் சொல்ல எளிதாக இருக்கும். பிளக்கையும் இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். எனக்கு அதைச் செய்துகொடுத்தவர் காக்கி புக்கிட்டில் ஒரு வயதான சீன மெக்கானிக். வண்டியை நிறுத்தியதும் அவர் முதலில் எடுத்தது மீட்டரைத்தான், ஸ்பேனரை இல்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இதைப் படிக்கும் நல்ல மெக்கானிக்குகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாம் ஓட்டுகிற விதமும் பேட்டரியைப் படுத்துகிறது. சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் பகலிலும் முன்விளக்கு எரியத்தான் ஓட வேண்டும். பாதுகாப்புக்கு நல்ல விதி. ஆனால் என் வண்டியின் 55 வாட் விளக்கு மட்டுமே நாலரை ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் சின்னத் தூரம். ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பிப் போடுவதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறேன், நடுவில் சிவப்பு விளக்குகள் வேறு. கடற்பால நெரிசலில் நிற்கிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். ஐடிலில் சுருள் தருவது கொஞ்சம். முன்விளக்கு, பிரேக் விளக்கு, தண்ணீர் குளிர்விப்பு உள்ள வண்டியானால் விசிறி, எல்லாமாகச் சேர்ந்து எடுப்பது அதிகம். அந்த நேரம் மீட்டரை வைத்தால் 13-க்குக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சிலர் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைத் திருப்பாமல் விளக்கு எரிய விட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு சோதனைச்சாவடி முகப்புக்குப் பக்கத்தில் வண்டி எடுக்காமல் பின்னால் நிற்கிறவர்களிடம் திட்டு வாங்குகிறார்கள். அணைத்தால் சாவியோடு அணைத்துவிடுங்கள். வாரத்தில் ஒருநாள் சிலேத்தர் விரைவுச்சாலையில் அரை மணி நேரம் நிதானமாக ஓட்டினால், அல்லது வீட்டில் சிறிய சார்ஜரில் ஓர் இரவு போட்டால், சின்னத் தூரம் ஓடும் வண்டியின் பேட்டரி நிறைந்து நிற்கும்.

பட்டனை அழுத்தும்போது வரும் சத்தமும் பாதி விவரம் சொல்லிவிடும். "டக டக டக" என்று ரிலே துடித்தால் வோல்ட் பற்றவில்லை. ஒரே ஒரு "டக்" கேட்டு நின்றால் ரிலே வேலை செய்கிறது, மின்சாரம் அதைத் தாண்டவில்லை அல்லது ஸ்டார்ட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், பக்கவாட்டு ஸ்டாண்ட் சுவிட்ச் என்று தேட வேண்டும். அதற்கும் முன்னால் கைப்பிடியில் உள்ள சிவப்பு நிறுத்து சுவிட்சைப் பாருங்கள். கார்ப்பேட்டையில் விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தச் சுவிட்ச் மேல் தனிப் பிரியம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி எடுக்காவிட்டால் கதை வேறு: பெட்ரோல், பொறி, காற்று. கார்புரேட்டர் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் கிண்ணத்தில் பெட்ரோல் பிசினாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஈரமா காய்ந்ததா என்று தெரியும். ஈரமென்றால் பொறி இல்லை அல்லது பெட்ரோல் அதிகம், காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இதை இன்னும் விரித்தால் ஆசிரியர் கத்தரி எடுத்துவிடுவார்.

சொல்லாமல் விட முடியாதது ஒன்று. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இடத்தில் 30 போட்டுத் தருகிறவர்களும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றித் தருகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஃபியூஸ் போவது எங்கோ வயர் உரசுகிறது என்பதால். அதை அடக்கிவிட்டால் சூடாவது வயர், அந்த வயர் போவது பெட்ரோல் டாங்குக்கு அடியில். அதேபோல விரைவுச்சாலையில் வண்டி நின்றால் அங்கேயே மீட்டரை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் விரைவுச்சாலையிலிருந்து அருகில் குறித்து வைத்திருக்கும் கார்ப்பேட்டை வரை இலவசமாக இழுத்துச் சென்று விடும். அங்கே வைத்து அளந்துகொள்ளலாம்.

பட்டறைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேட்டரி மாற்றப் பத்து நிமிடம் போதும், லாபம் கையில் நிற்கும். மின்கோளாறு தேட ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். கடைசியில் "ஒரு வயரைத் துடைத்ததற்கா இவ்வளவு?" என்று நாம்தான் சண்டை போடுகிறோம். பாகத்துக்குக் காசு கொடுக்கத் தயங்காத நாம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மனசில்லாமல் நிற்கிறோம். அந்தப் பழக்கம் இருக்கும்வரை அவர்கள் பேட்டரியைத்தான் விற்பார்கள். தேடுவதற்கு ஒரு கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லட்டும், நாமும் கொடுப்போம்.

ஆனால் மூன்று எண்களுக்கு அரை நாள் வேண்டாம். சீட்டைத் திறந்து மூடுவதோடு சேர்த்து ஐந்து நிமிடம். ஓய்வில் இவ்வளவு, சுற்றும்போது இவ்வளவு, ஓடும்போது இவ்வளவு என்று ரசீதின் ஓரத்தில் எழுதட்டும். பழைய பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்தால் அந்த எண்களே சொல்லிவிடும், வாடிக்கையாளர் வாயைத் திறக்க மாட்டார். புதுப் பேட்டரி போட்ட பிறகு மூன்றாவது எண்ணை மட்டும் மறுபடி ஒருமுறை எழுத வேண்டும்; ஏறாத வண்டியில் புதுப் பேட்டரி போட்டு அனுப்பாமல் இருக்க அது ஒன்றே போதும். வண்டியை விடும்போதே "எண்களை எழுதித் தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ கேட்டாலும் 12.7 என்பது 12.7 தான்.

சமூக மன்றங்களில் சமையல், யோகா, கைப்பேசி வகுப்பு எல்லாம் நடக்கின்றன. பழைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மல்ட்டிமீட்டர் பிடிக்கச் சொல்லித்தரும் இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றையும் தமிழில் வைக்கலாம். ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் யாராவது ஏற்பாடு செய்தால் என் மீட்டரையும் கருகிய அந்தப் பழைய பிளக்கையும் எடுத்துக்கொண்டு வந்து சொல்லித்தரத் தயார். இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்